எட்டும் ஒன்றும் கலந்து இரண்டு

என் வயதுக்காரிகளே, நமக்கெல்லாம் கண் மங்கி முட்டியும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் அடி பட்ட இடம் மட்டும் மறப்பதில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊர்ப்பேரை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதற்காக என்னை ஒன்றும் தெரியாதவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு பானையில் மருந்து கடுமையாகவும் இன்னொரு பானையில் இளப்பமாகவும் இருந்து, நடுவாந்தரமாக ஒன்று வேண்டுமென்றால், இதில் எத்தனை படி, அதில் எத்தனை படி என்று இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் வந்துபோனதில் ஒரு பட்டி ஆடும் ஒரு கையும் போயின. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடிக்க நாளாகும். ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

மேச்சேரிக்கு மேற்கே மழையை நம்பிக் கிடக்கிற காடு எங்களுடையது. சோளமும் கம்பும் போட்டால் போட்டது, இல்லாவிட்டால் இல்லை. ஆடுதான் எங்களுக்கு எல்லாம். செம்பட்டை மயிரும் நீளக் காலுமாய், வெயிலைப் பொருட்படுத்தாத ஆடுகள். முள் படல் கட்டிய பட்டிக்குள் அவை மூச்சு விடுவதும் இருமுவதும் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். அந்த மூத்திர வாடை இல்லாமல் எனக்கு வெகு காலம் தூக்கம் பிடித்ததில்லை.

அந்த நாளில் அடி என்பது சோற்றோடு சேர்ந்து வருவது. களி கட்டி தட்டினால் அப்பா அம்மாவை அடிப்பார். அம்மா என்னை அடிப்பாள். நான் போய் ஒரு குட்டியை அடிப்பேன். குட்டி யாரை அடிக்கும்? கிடாக்கள் ஒன்றையொன்று முட்டி மண்டை உடைத்துக்கொள்ளும். இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. அப்பாவின் கை பெரிய கை. அது வீட்டுக்குள் நுழைகிறதென்றால் முதலில் நாங்கள் பார்ப்பது அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைத்தான்.

எங்கள் காட்டுப் பக்கத்தில் மேல்படிப்புப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே ஆள் என் அண்ணன். அது அம்மாவின் பிடிவாதம். அதற்காக அவள் பட்ட அடி தனி. காலையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாய்ப் போவான். சாயங்காலம் திரும்பி வந்ததும் புத்தகப் பையை என் தலையில் வைத்துவிட்டு மேய்ச்சலுக்கு வந்துவிடுவான். கரட்டுச் சரிவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் சுக்காங்கல்லால் கணக்குப் போடுவான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருசம் அவனுக்குப் புதுவிதமான கணக்கு வந்தது. ஒரு பாத்திரத்தில் நூற்றுக்கு இவ்வளவு திராவகம், இன்னொன்றில் நூற்றுக்கு அவ்வளவு. இரண்டையும் கலந்து இன்ன அளவில் வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பது? இப்படியே பக்கம் பக்கமாய். ஒருநாள் வகுப்பில் எழுந்து, "திராவகம்னா எப்படியிருக்குமுங்க, நீங்க பாத்ததுண்டுங்களா?" என்று கேட்டிருக்கிறான். வாத்தியார் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிரம்பு முறியும் வரை அடித்துவிட்டார். முதுகெல்லாம் வரி வரியாய் வந்து நின்றான். நான் ஆமணக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

"தெரியாதத மொதல்ல எக்ஸுன்னு வெச்சுக்கோணும் புள்ளே," என்று பாறையில் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு கிழித்தான்.

"தெரியாததுக்கு எதுக்கு பேரு?"

"பேரு வெச்சாத்தான அதப் புடிச்சு இழுக்க முடியும்?"

எனக்கு அது அப்போதே பிடிபட்டுவிட்டது. எங்கள் அம்மா அப்பாவின் பேரைச் சொல்லமாட்டாள். 'அவிங்க' என்பாள். 'அவிங்க சந்தைக்குப் போயிருக்கறாங்க' என்றால் யார் போனது என்று ஊருக்கே தெரியும். எக்ஸும் அப்படித்தான், பேரைச் சொல்லாமல் ஆளைச் சொல்வது. நான் இதைச் சொன்னபோது அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முதுகுக் காயம் இழுத்து வலித்திருக்க வேண்டும், பாதிச் சிரிப்பில் "ஆ" என்றான்.

தை முடிகிற சமயம் ஆடுகளுக்குச் சீக்கு வந்தது. கண்ணிமையைத் திருப்பினால் உள்ளே ரத்தமே இல்லாமல் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீக்கம் தொங்கும். மேய்ந்துகொண்டே இருக்கும், அப்படியே முன்னங்கால் மடங்கி விழும். செத்த ஒரு பெட்டையை அப்பா பட்டி வாசலிலேயே போட்டு வயிற்றைக் கீறினார். குடலுக்குள் மயிரிழை மாதிரி பூச்சிகள், ரத்தம் குடித்துச் சிவந்து, கொத்துக் கொத்தாய் நெளிந்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற அம்மாவை ஒரு அறை அறைந்தார். அம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இதுக்கு நான் என்னுங்க பண்ணட்டும்?" என்றாள்.

அண்ணன்தான் பள்ளிக்கூடம் போகிற வழியில் மாட்டு டாக்டரைப் பிடித்து அழைத்து வந்தான். அவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், பேச்சுக்குப் பேச்சு நம்மைப் போல் 'ங்க' போடமாட்டார். காக்கித் தொப்பி, சைக்கிள், தோல் பை. ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தார், இமையைத் திருப்பினார், "பூச்சிதான். மயில்துத்தம் கரைச்சுக் குடுக்கணும்," என்றார். மயில்துத்தம் உங்களுக்குத் தெரியுமே, மயில் கழுத்து நீலத்தில் கற்கண்டு மாதிரி இருக்கும். உலகச் சண்டைக் காலம் அது. எந்தச் சரக்கும் கிடைக்காது. அவரிடமும் கட்டியாக இல்லை. ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த இரண்டு ஜாடிதான் இருந்தது. மறுநாள் வண்டியில் அனுப்பினார், கூடவே தாமும் வந்தார்.

"இது குளம்புப் புண்ணுக்கு ஊத்தறது. கடும் மருந்து, நூத்துக்கு எட்டு. இது பால்குட்டிங்களுக்காக இளப்பமா கரைச்சது, நூத்துக்கு ஒண்ணு. உங்க பெரிய ஆட்டுக்கு வேண்டியது நூத்துக்கு ரெண்டு. அதுக்கு மேல போச்சுன்னா குடலு வெந்து போவும், குறைஞ்சா பூச்சி சாகாது. ஏழு படி கலந்துக்குங்க. வேற ஊர்ல மாட்டுக்குக் கோமாரி, நான் போகணும். யாருக்கு இங்க கணக்குத் தெரியும்?"

அண்ணன், "எனக்குத் தெரியுமுங்க," என்றான்.

"கலக்கறது மண்பானையில. இரும்புப் பாத்திரத்துல கலக்கக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் சைக்கிள் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் அப்பா அண்ணனின் தோளைப் பிடித்து அழுத்தினார். "இந்தா பாரு. உன்ற கணக்குல ஆடு பொழச்சுதுன்னா நீ பள்ளிக்கூடம் போ, நான் ஏன்னு கேக்கமாட்டேன். செத்துதுன்னா புத்தகத்த அடுப்புல போட்டுட்டு பட்டிக்கு வந்து ஒக்காரு. ஆயுசுக்கும் ஆடுதான் உனக்கு. முனியப்பன் மேல சத்தியம்."

அண்ணன் தலையாட்டினான்.

கணக்கு அவனுக்குச் சட்டென்று வந்துவிட்டது. கடும் மருந்து எக்ஸ் படி என்று வைத்து, மீதி ஏழில் எக்ஸ் போக என்று எழுதி, எதையோ பெருக்கி எதையோ கழித்து, ஒன்று என்று நிறுத்தினான். அப்புறம் அவன் முகத்தில் பயம் வந்தது. பாறையில் போட்டுத் தப்பினால் பிரம்படியோடு போகும். இது அப்படியா?

"புள்ளே, நீ போட்டுப் பாரு."

"எனக்கெங்க கோர்வையா எழுத வருது?"

"எழுத வேண்டாம்." தரையில் ஏழு குழி பறித்தான். ஆட்டுப் புழுக்கையைக் கை நிறைய அள்ளி வந்தான். "ஒரு குழி ஒரு படி. கடும் மருந்துக் குழியில எட்டுப் புழுக்கை போடு. மிச்ச ஆறு குழியில ஒவ்வொண்ணு. இப்ப எல்லாத்தையும் அள்ளி ஒண்ணாக் கொட்டி, ஏழு குழிக்கும் சமமாப் பிரி பாக்கலாம்."

அள்ளினேன், கொட்டினேன், பிரித்தேன். ஒவ்வொரு குழியிலும் இரண்டு வந்து உட்கார்ந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. எட்டும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகிவிட்டது! நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். பின்னால் அப்பா வந்து நின்றதை இருவருமே பார்க்கவில்லை.

"ஆடு சாவுது, இங்க புழுக்கைய வெச்சுப் பல்லாங்குழி ஆடறீங்களாடா?"

காலால் ஒரு எத்து. குழியும் புழுக்கையும் பறந்தன. அடுத்த எத்து அண்ணனின் விலாவில். அவன் சுருண்டு கிடந்தபடியே, "கடுசு ஒரு படி, இளசு ஆறு படிங்கப்பா," என்றான். பிடித்த பிடி அது.

அப்படியே கலந்தான். மண்பானையைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, மரப்படியால் அளந்து ஊற்றினான். வானம் பானைக்குள் இறங்கின மாதிரி நீலம். விடிந்ததும் வெறும் வயிற்றில் புகட்ட வேண்டும் என்பதால் பானையை வாசலில் வைத்து மூடிவிட்டு ஆடு அடைக்கப் போனான்.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடு மாட்டுக்குக் கொடுப்பது எதுவானாலும், இருட்டுகிற நேரம் வெளியே வைத்தால் அதில் ஒரு இரும்பைப் போட்டுத்தான் வைப்போம். ஓர் ஆணி, ஒரு பழைய கத்தி, எதுவோ ஒன்று. காத்துக்கருப்பு அண்டாது. அந்த நீலத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு ஆணி போதுமென்று தோன்றவில்லை. காட்டு எல்லையில் வேப்பமரத்தடியில் எங்கள் முனியப்பன் இருந்தார். அவர் முன்னால் நட்டிருந்த பெரிய அரிவாளையும் அதோடு சின்ன அரிவாள்களையும் பிடுங்கிக் கொண்டுவந்து, சாணிச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்றாக்கி, பானைக்குள் இறக்கி மூடினார். டாக்டர் இரும்புப் பாத்திரத்தில் கலக்காதே என்றுதான் சொல்லியிருந்தார். பாத்திரத்துக்குள் இரும்பைப் போடாதே என்று அவர் சொல்லவில்லை. யாருக்குத்தான் சொல்லத் தோன்றியிருக்கும்?

விடியற்காலை அப்பா போட்ட சத்தத்தில் பட்டி ஆடெல்லாம் எழுந்து கத்தியது. பானையிலிருந்து பெரிய அரிவாளை உருவித் தலைக்கு மேல் பிடித்திருந்தார். அது சிவந்திருந்தது. பிடி வரைக்கும், அப்போதுதான் எதையோ வெட்டிவிட்டு எடுத்தது போல.

"ரத்தம் குடிச்சிட்டாண்டா! என்ற முனியப்பன் எறங்கி வந்து சீக்கோட ரத்தத்தக் குடிச்சிட்டாண்டா!"

உடம்பு தூக்கிப் போட்டது அவருக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினார். பக்கத்துக் காடுகளில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருவர் கற்பூரம். ஒரு சேவலைப் பிடித்து அந்தச் சிவந்த அரிவாளாலேயே கழுத்தை அறுத்தார்கள். தலையில்லாத சேவல் பானையைச் சுற்றி ஓடி என் பாவாடையில் மோதி விழுந்தது. அம்மா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

அண்ணன் மட்டும் பானைக்குள் எட்டிப் பார்த்தான். "அப்பா, மருந்து நெறம் மாறிப் போச்சுங்க. நீலத்தக் காணமுங்க. பச்சையா, கலங்கலா நிக்குது. இதக் குடுக்க வேண்டாமுங்க."

அப்பா அவனைப் புறங்கையால் அடித்தார். பல்லில் பட்டு உதடு கிழிந்தது. "சாமி தொட்ட மருந்துடா அது!"

ஆக, சாமி தொட்ட மருந்தையே புகட்டினோம். அண்ணன் தலையைப் பிடிக்க, நான் வாலைப் பிடிக்க, அப்பா மூங்கில் குழாயால் தொண்டையில் ஊற்றினார். அரிவாளுக்குப் பட்டு சுற்றி, பொட்டு வைத்து, முனியப்பன் மடியில் சாய்த்து வைத்தார்கள். மேச்சேரிச் சந்தைக்கு வந்தவர்கள் கூட வழி மாறி வந்து கும்பிட்டுப் போனார்கள்.

ஆடுகளோ செத்துக்கொண்டே இருந்தன. தினம் விடிந்தால் பட்டிக்குள் விறைத்த கால்கள். நாய்களும் கழுகுகளும் எங்கள் காட்டை விட்டுப் போகவில்லை. குழி வெட்டி வெட்டி அப்பாவின் உள்ளங்கை பிளந்துவிட்டது. முனியப்பன் மேல் தப்பிருக்க முடியாது. அப்படியானால் யார் மேல்?

அண்ணனைப் பட்டிக் கம்பத்தில் தாம்புக்கயிற்றால் கட்டினார். அதே கயிற்றின் மறுமுனையால் அடித்தார். "ஒரு படி மருந்துக்கு ஆறு படி தண்ணிய ஊத்தி என்ற ஆட்டக் கொன்னுட்டயேடா!"

"அது தண்ணியில்லீங்கப்பா... அதும் மருந்துதானுங்க... நூத்துக்கு ஒண்ணுங்கப்பா..."

"ஒண்ணாம், ரெண்டாம்!"

அம்மா குறுக்கே போய் விழுந்தாள். கயிறு அவளையும் விட்டுவைக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அப்பாவின் தொடையைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. அவர் என்னை உதறிய வேகத்தில் படலில் போய் விழுந்தேன். இப்போதும் முழங்கையில் முள் தழும்பு இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

கட்டை அவிழ்த்துவிட்ட பிறகு அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து மறுபடி மறுபடி அதே கணக்கைப் போட்டான். மறுபடி மறுபடி ஒன்றும் ஆறுமே வந்தது. "கணக்கு சரியா வருது, ஆடு சாவுது. அப்ப கணக்குங்கறதே பொய்யா புள்ளே?" என்று கேட்டான். கயிற்றடிக்குக் கலங்காதவன் அப்போதுதான் அழுதான்.

அதற்கு அடுத்த காலை அப்பா கடும் மருந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குள் போனார். எட்டு. அப்படியே, ஒன்றும் கலக்காமல். "கலந்து கெடுத்தது போதும். மருந்துன்னா மருந்தா இருக்கோணும்," என்றபடி கிடாவின் வாயைப் பிளந்தார். பட்டியில் தெம்பாய் மிச்சமிருந்தது அந்தக் கிடா ஒன்றுதான். அதன் கழுத்து மயிரில் முகம் வைத்து நான் தூங்கியிருக்கிறேன்.

அண்ணன் பாய்ந்து போய் மூங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டான். "எட்டுங்கப்பா அது! குடல் வெந்து போகுமுங்க! ரெண்டுக்கு மேல ஆகாதுன்னு டாக்டரு சொன்னாருங்க!"

"விடுடா கைய."

"விடமாட்டனுங்க."

"விடுங்கறேன்!"

"அடிச்சுக் கொன்னாலும் விடமாட்டனுங்கப்பா!"

அப்பா பக்கத்தில் சாய்த்திருந்த மேய்ப்புத் தடியை எடுத்தார். கருவேலந்தடி, நுனியில் பூண் போட்டது. ஓங்கினார். குழாயைப் பிடித்திருந்த வலக்கை மணிக்கட்டின் மேல் இறங்கியது. கரும்பைத் தொடையில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். அண்ணன் கத்தவில்லை. தன் கையையே யாருடையதோ போல் பார்த்தான். அது வேறு பக்கம் திரும்பித் தொங்கியது.

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு குழாயை எடுத்து ஊற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். இதை நான் ஆயுள் முழுக்க யோசித்திருக்கிறேன். அந்த ஒரு கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்த பின் நிறுத்தினால் ஒடித்தது வீண் என்றாகிவிடும். அதனால் நிறுத்த முடியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. வாயில் பச்சை நுரை. பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு காலையும் உதைத்துக்கொண்டு, முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு, ஆடு மேல் ஆடு விழுந்து துடித்தது. கிடா படலை முட்டிப் பிளந்துகொண்டு வெளியே வந்து, கொம்பைத் தரையில் குத்தி, அப்படியே நின்றவாக்கில் செத்தது. மருந்து படாமல் விட்ட பால்குட்டிகள் தாயின் மடியை முட்டி முட்டிப் பால் வராமல் கத்தின. பூச்சி பாதியும் பட்டினி பாதியுமாய் அவையும் பின்னாலேயே போயின. எங்கள் காட்டில் அதற்கப்புறம் ஆடு கத்துகிற சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமை காதை அடைத்தது.

கட்டு வைத்தியர் உளுந்து மாவும் முட்டையும் குழைத்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பைச் சேர்க்க அவர் இழுத்தபோது அண்ணன் மயங்கிவிட்டான்.

மாட்டு டாக்டர் திரும்பி வந்தது அதன் பிறகுதான். குழி மேட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. "அரிவாள் எங்கே?" என்றார். போய்ப் பார்த்தார். பட்டுத் துணியை விலக்கி நகத்தால் சுரண்டினார். சிவப்பு ஏடாய் உரிந்து வந்தது. பையிலிருந்து ஒரு லாட ஆணியை எடுத்து, ஜாடி அடியில் மிச்சமிருந்த நீலத்தில் விட்டு, எங்கள் எதிரிலேயே வெளியே எடுத்தார். ஆணி சிவந்திருந்தது.

"முனியப்பனை நான் ஒண்ணும் சொல்லல. துத்தம்னா உள்ள இருக்கறது செம்பு. இரும்பைக் கண்டா அது இரும்பு மேல போய் ஒட்டிக்கும். உங்க அரிவாளுங்க மருந்தைக் குடிச்சிடுச்சு. ஆட்டுக்கு வெறும் கழுநீர்தான் போயிருக்கு."

சுவரோரம் கையைத் தூளியில் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்தான். "அப்ப என்ற கணக்குங்க?"

"உன் கணக்கு சரிடா பையா. ஒண்ணும் ஆறும். ஒரு சொட்டு தப்பில்ல."

அப்பா டாக்டரின் சட்டையைப் பிடித்தார். தள்ளிக்கொண்டே போய் அவரையும் சைக்கிளையும் சேர்த்துக் கள்ளி வேலியில் சாய்த்துவிட்டார். டாக்டர் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, திட்டிக்கொண்டே போனார். ஆனால் ஆணி இங்கேயே கிடந்தது.

அன்று பொழுது சாயும் வரை அப்பா ஜாடியின் முன்னால் குந்தியிருந்தார். ஆணியை விட்டு எடுத்தார். இன்னொரு ஆணி. பிறகு கதிரறுக்கிற கத்தி. கதவுப் பூட்டு. களைக்கொத்து. எல்லாம் சிவந்து சிவந்து வந்தன. சிவக்காத இரும்பு ஒன்றாவது வீட்டில் கிடைக்காதா என்று தேடினாற்போல் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, களி தின்றுகொண்டிருக்கும்போது, "நாளையிலிருந்து நீ பட்டிக்கு," என்று அண்ணனைப் பார்க்காமல் சொன்னார். சத்தியம் செய்த வாய் அல்லவா.

அம்மா களிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பட்டிக்குப் போன்னு சொல்றீங்க. பட்டி எங்கீங்க இருக்குது?"

அன்றைக்கும் அடித்தார். ஆடு செத்தால் ஆடு மேய்க்க வேண்டும் என்ற சத்தியத்தை, ஆடே இல்லாத காட்டில் எப்படி நிறைவேற்றுவது? மேய்க்க ஒன்றுமில்லாததால் அண்ணன் பள்ளிக்கூடம் போனான்.

போன அன்றே திரும்பி வந்துவிட்டான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதக் கையில்லாதவன் வீட்டில் இருந்துவிட்டு வருகிற வருசம் வந்தால் போதும் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். வருகிற வருசம் என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"பாறையில நீ போடறதப் பாத்துப் பாத்து இவளுக்கு அந்த எக்ஸெல்லாம் போட வருமே, சாமி," என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "நீ வாயில சொல்லு, இவ எழுதட்டும்."

"பொட்டப்புள்ளைய உள்ளயே உடமாட்டாங்கம்மா."

கயிற்றுக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த அப்பா அசையவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தோம். காலையில் நாங்கள் எழுந்தபோது தலைப்பாகை கட்டி, தடியோடு வாசலில் நின்றிருந்தார். "கெளம்புங்க," என்றார். அவர் முன்னால் நடக்க நாங்கள் பின்னால்.

வகுப்பு வாசலில் வாத்தியார் மறித்தார். "இது பையனுங்க பள்ளிக்கூடம்."

"தெரியுமுங்க."

"அப்பறம் இந்தப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை?"

"அவ பொண்ணா வரலீங்க. கையா வந்திருக்கறா."

"என்னது?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இவன் கைய ஒடச்சவன் நானுங்க. அவன் மேல தப்பில்லீங்க. அதுக்குப் பதிலு இந்தக் கை. வேண்டாம்னா சொல்லீருங்க, நான் இங்கயேதான் நிப்பேன்."

பூண் போட்ட தடியை நிலைப்படியில் குறுக்காக வைத்தார். வாத்தியார் அதைப் பார்த்தார், தம் கையிலிருந்த பிரம்பையும் பார்த்துக்கொண்டார். கதவோரம் அண்ணன் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மணி அடிக்கும் வரை குந்தியிருந்தார். அந்த வாரம் முழுக்கக் கூலி வேலைக்கும் போகாமல் அப்படியே இருந்தார். எங்களிடம் அவர் தம் தப்பைப் பற்றிப் பேசியதேயில்லை; அன்று வகுப்பில் சொன்னதுதான்.

அண்ணன் வாயால் சொல்வான், நான் எழுதுவேன். நான் கற்ற எழுத்து அவ்வளவுதான். எண்களும், எக்ஸும், அண்ணன் சொல்லிக்கொடுத்த சில்லறை எழுத்துகளும். அந்த வருசம் அவன் தேறினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கரும்பலகையில் வாத்தியார் போட்டது ஒரு கலவைக் கணக்கு. அண்ணன் முணுமுணுக்க நான் சிலேட்டுப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். அவன் சொன்னது சரி. நான் ஒரு இடத்தில் கூட்ட வேண்டியதைக் கழித்து எழுதிவிட்டேன். வாத்தியார் பலகையை வாங்கிப் பார்த்தார், பிரம்பை எடுத்தார். யாரை அடிப்பது என்று யோசித்தார். தலை அவனுடையது, எழுத்து என்னுடையது.

"கையை நீட்டு," என்றார்.

அண்ணன் இடக்கையை நீட்டினான்.

"உன்னோடது இல்ல. எழுதின கை."

நீட்டினேன். சுளீரென்று விழுந்தது, மறுபடியும் விழுந்தது. எங்கள் பக்கத்துக் காடுகளில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய முதல் பெண் நான்தான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. பையன்கள் எல்லோரும் நான் அழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகையைத் துடைத்தேன். "அடுத்த கணக்கச் சொல்லுண்ணா," என்றேன்.